குழல்வாயின் பாதை: துப்பாக்கிச் சூட்டு விபத்துகளும் செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரையும்

துப்பாக்கி சுடுபவரின் கண் ஒரு கோட்டில் பார்க்கிறது. துப்பாக்கிக் குழலின் முன்நுனியாகிய குழல்வாய் வேறொரு கோட்டில் நிற்கிறது. குழலை விட்டு வெளியேறும் குண்டு இவ்விரண்டிலும் சேராத வளைகோட்டில் பறக்கிறது. இம்மூன்றும் ஒன்றே என்று எண்ணிவிடுவதே துப்பாக்கிச் சூட்டு விபத்துகள் பலவற்றுக்குக் காரணம். 2021 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், பயிற்சித் தளத்துக்கு வெளியே தன் தாத்தா வீட்டில் இருந்த ஒரு சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. அதன் பிறகே தமிழ்நாட்டில் இது பலரும் பேசும் செய்தியாயிற்று.

குண்டின் பாதை பற்றிய அறிவு புதியதல்ல. அதை முதன்முதலில் முறையாக அளந்தவர்களுள் ஒருவர் சோழமண்டலக் கடற்கரையில், கடலூரில் இறந்தார். மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையும் செங்கல்பட்டும் அந்தக் காலத்துப் போர்களின் களங்களாக இருந்தன. இன்றும் செங்கல்பட்டு மாவட்டத்தில் துப்பாக்கி சுடும் தளங்கள் இயங்குகின்றன.

மூன்று கோடுகள்

துப்பாக்கியின் மேற்புறத்தில் முன்குறி, பின்குறி என இரண்டு அமைப்புகள் உள்ளன. இவற்றைச் சைட் என்பர். கண், பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய நான்கையும் இணைக்கும் நேர்கோடு பார்வைக் கோடு ஆகும். குழலின் நடுத்துளை வழியே செல்வதாகக் கொள்ளும் நேர்கோடு குழல் கோடு ஆகும். பார்வைக் கோடு குழல் கோட்டுக்கு மேலே இருக்கும். இக்காலத்து ரைபிள்கள் பலவற்றில் இந்த இடைவெளி ஏறத்தாழ 5 முதல் 7 செ.மீ. வரை உள்ளது. தொலைநோக்கிக் குறி பொருத்தினால் இடைவெளி இன்னும் கூடலாம்.

மூன்றாவது, குண்டின் பாதை. குழல்வாயை விட்டு வெளியேறிய நொடியிலிருந்தே புவியீர்ப்பு குண்டைக் கீழே இழுக்கத் தொடங்குகிறது. கையிலிருந்து நழுவும் கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது. பறக்கும் குண்டும் அதே கணக்கில்தான் விழுகிறது. நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு 100 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.12 நொடி ஆகும். அதற்குள் அது சுமார் 7 செ.மீ. இறங்கிவிடும். 300 மீட்டருக்குள் இந்த இறக்கம் ஏறத்தாழ முக்கால் மீட்டர் ஆகிவிடும்.

இந்த இறக்கத்தை ஈடுகட்டவே குழல் சற்றே மேல்நோக்கி அமையும்படி குறிகள் பொருத்தப்படுகின்றன. ஆகவே குண்டு பார்வைக் கோட்டுக்குக் கீழே புறப்பட்டு, அதை ஓரிடத்தில் மேல்நோக்கிக் கடந்து, பின் மீண்டும் இறங்கி இலக்கில் சேர்கிறது. 300 மீட்டருக்குச் சரிசெய்த ரைபிளில் நடுவழியில் குண்டு பார்வைக் கோட்டுக்கு 15 முதல் 20 செ.மீ. வரை மேலே பறக்கும். குண்டு தானாகவே மேலே எழும்புகிறது என்று சிலர் நினைப்பது தவறு. குழல் கோட்டுக்கு மேலே குண்டு எழுவதில்லை. குழலே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது.

கடலூரில் இறந்த கணித அறிஞர்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, குண்டு காற்றில் எப்படிச் செல்கிறது என்பதை நேரடியாக அளந்து பார்க்கும் முறை உருவாகவில்லை. அதை மாற்றியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் பாத் நகரில் பிறந்த அவர், 1742இல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். தொங்கும் மரப்பலகை மீது குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். காற்றின் தடை எல்லாரும் நினைத்ததைவிட மிகப் பெரியது என்பதும் அவருடைய சோதனைகளில் தெரிந்தது. கணித மேதை ஆய்லர் 1745இல் இந்நூலை விரிவான உரையுடன் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

குழல்வாய் நோக்கும் திசையும் குண்டு போய்ச் சேரும் இடமும் வேறாகலாம் என்பதை ராபின்ஸ் ஓர் எளிய சோதனையால் காட்டினார். ஒரு மஸ்கட் துப்பாக்கிக் குழலின் முன்பகுதியை இடப்பக்கம் சற்று வளைத்தார். குண்டு செல்லும் வழியில் மெல்லிய தாள்திரைகளை வரிசையாக நிறுத்தினார். குண்டு முதலில் இடப்பக்கமாகச் சென்றது. பிறகு வலப்பக்கம் வளைந்து, நேர்கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தது. வளைந்த குழலின் உட்சுவரில் உராய்ந்து உருண்ட உருண்டைக் குண்டு சுழற்சி பெற்றதே இதற்குக் காரணம். திரைகளில் விழுந்த துளைகளை இணைத்துப் பார்த்தபோது குண்டின் உண்மையான வழி கண்முன் தெரிந்தது.

குழலின் உள்ளே சுருள் பள்ளம் வெட்டி, குண்டு தன் அச்சில் சீராகச் சுழலும்படி செய்தால் இந்தத் தாறுமாறான விலகல் குறையும் என்று அவர் விளக்கினார். அந்தச் சுருள் பள்ளத்துக்கே ரைஃபிளிங் என்று பெயர். ரைபிள் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. எந்த நாடு ரைபிளை முழுமையாகக் கைக்கொள்கிறதோ அது போரில் மேலோங்கும் என்றும் 1747இலேயே அவர் கணித்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750இல் அவர் இந்தியா வந்தார். சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கும் திட்டங்கள் வரைந்தார். ஓராண்டுக்குள் காய்ச்சலுற்று, 1751 ஜூலை 29 அன்று செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார்.

கோவளமும் செங்கல்பட்டும், 1752

ராபின்ஸ் இறந்த மறு ஆண்டு, ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டார். மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரையில் உள்ள கோவளம் கோட்டையும், பாலாற்றுப் பகுதியைக் காத்து நின்ற செங்கல்பட்டுக் கோட்டையும் அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன. கிளைவுடன் சென்றவர்கள் புதிதாகச் சேர்ந்த ஏறத்தாழ 200 ஐரோப்பியரும் 500 சிப்பாய்களும் ஆவர். கோவளத்தில் கோட்டையிலிருந்து வந்த ஒரே குண்டுக்கு ஒருவர் பலியானதும் மற்றவர்கள் திரும்பி ஓடினர் என்று மெக்காலே எழுதியிருக்கிறார். கிளைவ் அவர்களை மீண்டும் திரட்டிக் கோவளத்தைக் கைப்பற்றினார். அடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையும் பணிந்தது.

அந்தப் படையினரின் கையில் இருந்த மஸ்கட் துப்பாக்கியின் குழல்துளை ஏறத்தாழ 19 மி.மீ. அகலம் கொண்டது, குண்டோ 17.5 மி.மீ. அளவுடையது. வேகமாகத் திணிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த இடைவெளி விடப்பட்டது. குழலுக்குள் இருபுறமும் மோதிக்கொண்டு வரும் குண்டு கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்ற திசையில் விலகும். அத்துப்பாக்கியில் பின்குறியே கிடையாது. சுமார் 100 கெஜத்துக்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைத்து அடிப்பது பெரும்பாலும் தற்செயலே. அதனால்தான் வீரர்களை வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் சுடச் செய்தனர். குறி தவறும் குண்டு எங்கே போகும் என்ற கேள்வியை அன்றைய பயிற்சி முறை எழுப்பவே இல்லை.

சதுரங்கப்பட்டினம் கடற்போர், 1782

மாமல்லபுரத்தின் தெற்கே உள்ள சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் சிதைவுகளை இன்றும் காணலாம். இதற்கு எதிரே கடலில் 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் மோதினர். போர் முடிவு எட்டாமல் நின்றது.

கடலில் பீரங்கியின் குழல்வாய் ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. கப்பல் அலையில் ஏறும்போது குழல்வாய் வானை நோக்கும்; இறங்கும்போது நீரை நோக்கும். பீரங்கியாளர் தீ வைக்கும் நேரத்துக்கும் குண்டு வெளியேறும் நேரத்துக்கும் இடையே சிறு தாமதம் உண்டு. அதற்குள் குழல்வாய் இடம் மாறிவிடும். எனவே கண் இலக்கைக் காணும்போது தீ வைத்தால் குண்டு தவறும். எதிரியின் பாய்மரங்களை அடிக்க விரும்பியவர் கப்பல் மேலே எழும்போதும், கப்பலின் உடற்பகுதியை அடிக்க விரும்பியவர் அது தாழும்போதும் சுட்டனர். அக்காலப் பிரெஞ்சுக் கடற்படை முதல் முறையையும், ஆங்கிலேயக் கடற்படை இரண்டாம் முறையையும் பெரிதும் கையாண்டதாகக் கூறப்படுகிறது.

கையில் ஏந்தும் துப்பாக்கிக்கும் இதே பாடம் பொருந்தும். விசையை அழுத்தும் விரல் துப்பாக்கியையும் சேர்த்து இழுத்துவிட்டால், கண் பார்த்த கணத்தில் இருந்த இடத்தில் குழல்வாய் இருக்காது.

வேடந்தாங்கல்: துப்பாக்கிக்கு ஒரு தடைக்கோடு

செங்கல்பட்டுப் பகுதியில் துப்பாக்கியால் ஏற்பட்ட தொல்லையைப் பொதுமக்களே எதிர்த்த பழைய நிகழ்ச்சி வேடந்தாங்கலில் நடந்தது. ஏரிக்கு வரும் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்திருந்த உழவர்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். ஆட்சியர் லயோனல் பிளேஸ் 1798இல் பறவைகளைச் சுடக் கூடாது என்று கவுல் எனப்படும் உத்தரவை ஊராருக்கு வழங்கினார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. சுடுபவரின் திறமையை நம்பி விட்டுவிடாமல், இந்த இடத்தில் சுடவே கூடாது என்று எல்லை வகுத்தது இந்த உத்தரவின் சிறப்பு.

என்ஃபீல்டு ரைபிளும் ஏணிக்குறியும்

1853ஆம் ஆண்டு வடிவமைப்பைச் சேர்ந்த என்ஃபீல்டு ரைபிள், கொழுப்புத் தடவிய தோட்டாவுக்காக 1857 கிளர்ச்சி வரலாற்றில் இடம்பெற்றது. அதன் மற்றொரு புதுமை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதன் பின்குறி ஏணி போல நிமிர்த்தி வைக்கக்கூடியது. இலக்கின் தொலைவுக்கு ஏற்ப அதில் உள்ள சிறு தகட்டை மேலும் கீழும் நகர்த்தலாம். 900 கெஜம் வரை அளவுகள் பொறிக்கப்பட்டிருந்தன.

இந்த ரைபிளின் குண்டு இன்றைய குண்டுகளைவிட மெதுவாகவே சென்றது. அதனால் 600 கெஜத்தில் உள்ள இலக்கை அடிக்கக் குழலை நன்கு உயர்த்த வேண்டியிருந்தது. நடுவழியில் குண்டு ஆள் உயரத்துக்கும் குதிரைவீரன் உயரத்துக்கும் மேலே பறந்தது. தொலைவைத் தவறாக மதிப்பிட்டவர் எவ்வளவு கூர்மையாகக் குறி பார்த்தாலும், குண்டு எதிரியின் தலைக்கு மேலே சென்று பின்னால் விழுந்தது. ஆகவே 1853இல் இங்கிலாந்தின் ஹைத் நகரில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டபோது, தொலைவைக் கண்ணால் மதிப்பிடுவது தனிப்பாடமாகவே கற்பிக்கப்பட்டது.

ரைபிளின் வீச்சு கூடியதும் பயிற்சித் திடல்களும் மாறின. இலக்குக்குப் பின்னே உயரமான மண்மேடு எழுப்புவது, சுடும் நேரத்தில் சிவப்புக் கொடி ஏற்றுவது, மேட்டுக்கு அப்பாலும் அபாயப் பகுதியை வரைபடத்தில் குறிப்பது ஆகியவை வழக்கமாயின.

நார்த்தாமலை, 2021

நார்த்தாமலை பழங்காலக் குடைவரைகளுக்கும் விசயாலய சோழீசுவரத்துக்கும் பெயர்பெற்ற ஊர். அதன் அருகே பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் தளம் இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று காலை அங்கே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடைபெற்றது. அப்போது தளத்திலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவில் இருந்த வீட்டில் 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. புதுக்கோட்டையில் முதலுதவி அளிக்கப்பட்டு, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அச்சிறுவனுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. எனினும் 2022 ஜனவரி 3 அன்று சிறுவன் உயிரிழந்தான். தளம் மூடப்பட்டது. குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு 10 லட்சம் ரூபாய் நிதியுதவி அறிவித்தது.

300 மீட்டரில் உள்ள இலக்கை நோக்கிச் சுடும் குண்டு 2 கி.மீ. செல்ல முடியுமா என்ற கேள்வி பொதுமக்களிடம் எழுந்தது. ராணுவ ரைபிள் குண்டுகளுக்கு அது எளிது. 5.56 மி.மீ. குண்டும் 7.62 மி.மீ. குண்டும் தகுந்த கோணத்தில் புறப்பட்டால் 2 கி.மீ.க்கும் மிக அப்பால் போகக்கூடியவை. ரைபிளின் பயனுறு வீச்சு 400 மீட்டர் என்று சொன்னால், அந்தத் தொலைவு வரை குறிபார்த்து அடிக்கலாம் என்பதே பொருள். குண்டு அங்கே நின்றுவிடும் என்பது பொருளல்ல. என்.சி.சி. மாணவர்கள் 25 மீட்டரில் சுடும் .22 ரைபிளின் சிறிய குண்டுகூட ஏறத்தாழ 1.5 கி.மீ. வரை செல்லக்கூடும்.

எவ்வளவு சிறு பிழை குண்டை மண்மேட்டுக்கு மேலே கொண்டுபோகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். துப்பாக்கியின் நீளம் ஒரு மீட்டர் என்று கொள்வோம். அடிப்பகுதி தோளில் அசையாமல் இருக்க, குழல்வாய் மட்டும் 1 செ.மீ. உயர்ந்தால், 300 மீட்டர் தொலைவில் குண்டு 3 மீட்டர் உயரம் தவறும். குழல்வாய் 2 செ.மீ. உயர்ந்தால் 6 மீட்டர் தவறும். தொடர்ச்சியாகச் சுடும்போது ஒவ்வொரு குண்டின் உதைப்பும் குழல்வாயை மேலே தூக்குவதால், இந்த அளவு பிழை பயிற்சி குறைந்தவரிடம் எளிதில் நேரும். சுடுபவரின் கையை மட்டும் நம்பாமல் தளத்தின் அமைப்பே இத்தகைய பிழையைத் தாங்கும்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

விபத்துகளின் வகைகள்

குழல்வாயின் பாதையை மறப்பதால் நேரும் விபத்துகளைக் கீழ்க்கண்டவாறு பிரிக்கலாம்.

முதலாவது, அருகிலுள்ள தடையில் மோதுதல். சுவர், மணல்மூட்டை, வாகனத்தின் முன்மூடி போன்றவற்றின் மேலே துப்பாக்கியை வைத்துச் சுடும்போது, பார்வைக் கோடு தடைக்கு மேலே தெளிவாக இருக்கும். அதற்கு 6 செ.மீ. கீழே உள்ள குழல்வாயோ சுவரை நோக்கி இருக்கும். 100 மீட்டருக்குச் சரிசெய்த ரைபிளில், 10 மீட்டர் தொலைவில்கூடக் குண்டு பார்வைக் கோட்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. கீழேதான் செல்லும். கண்ணுக்குத் தெரியாத அந்த விளிம்பில் பட்டுக் குண்டும் கற்சில்லும் சிதறி, சுடுபவரையோ பக்கத்தில் இருப்பவரையோ காயப்படுத்தும்.

இரண்டாவது, இலக்குக்கு அப்பால் செல்லுதல். இலக்கைத் துளைத்த குண்டும் இலக்கைத் தவறிய குண்டும் தம் வழியே தொடர்ந்து செல்லும்.

மூன்றாவது, பட்டுத் தெறித்தல். பாறை, கெட்டித் தரை, நீர்ப்பரப்பு ஆகியவற்றில் தாழ்ந்த சாய்வில் படும் குண்டு உள்ளே புதையாமல் எகிறி வேறு திசையில் பறக்கும். கருங்கற்குன்றுகளும் ஏரிகளும் நிறைந்த செங்கல்பட்டு நிலப்பகுதியில் இது நினைவில் வைக்கத்தக்கது.

நான்காவது, குழல்வாய் வீசிச் செல்லும் வழி. துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றும்போதும், துடைக்கும்போதும், திரும்பி ஒருவருடன் பேசும்போதும் குழல்வாய் அரைவட்டமாகச் சுழன்று அருகில் நிற்போரைக் கடந்து செல்கிறது. காலி என்று நம்பிய துப்பாக்கி வெடிப்பது பெரும்பாலும் இந்நேரங்களில்தான்.

ஐந்தாவது, வானை நோக்கிச் சுடுதல். திருமண ஊர்வலங்களில் மகிழ்ச்சிக்காகச் சுடும் வழக்கம் வட இந்தியாவின் சில பகுதிகளில் உள்ளது. மேலே சென்ற குண்டு எங்கேனும் விழுந்தே தீரும். 2019இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம், பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் கொண்டாட்டத் துப்பாக்கிச் சூட்டுக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது.

அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் தொகுத்த நான்கு விதிகள் இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. எல்லாத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருத வேண்டும். அழிக்க எண்ணாத எதன்மீதும் குழல்வாய் பட விடக் கூடாது. குறி இலக்கில் படியும்வரை விரலை விசையில் வைக்கக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னே என்ன உள்ளது என்பதை உறுதிசெய்ய வேண்டும். இவற்றுள் இரண்டாவதும் நான்காவதும் நேரடியாகக் குழல்வாயின் பாதையைப் பற்றியவை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்று

சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த அனுமந்தபுரம் காட்டுப்பகுதியில் ராணுவத்தினரும் மத்தியப் படையினரும் பயன்படுத்தும் சுடும் தளம் உள்ளது. ஒத்திவாக்கத்தில் தமிழ்நாடு காவல்துறையின் தளம் உள்ளது. இத்தகைய தளங்கள் ஊர்களிலிருந்து விலகிய காடும் குன்றும் சார்ந்த இடங்களையே நாடி அமைந்தவை. கடந்த சில பத்தாண்டுகளில் மறைமலை நகர், மகேந்திரா சிட்டி போன்ற தொழில் நகரங்களும் அவற்றைச் சூழ்ந்த குடியிருப்புகளும் இப்பகுதியில் வேகமாக வளர்ந்துள்ளன. முன்பு ஆளில்லா நிலமாக இருந்த இடத்தில் இன்று வீடு இருக்கலாம். குண்டின் வீச்சு மாறவில்லை. அது விழக்கூடிய நிலத்தில் வாழ்வோர் தொகைதான் கூடியுள்ளது.

படையினரின் களச் சூட்டுப் பயிற்சிக்கென 1938ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நடைமுறையில் உள்ளது. அதன்படி பயிற்சிக்கான பகுதியை மாநில அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும். அப்பகுதி மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பயிற்சியால் மக்களுக்கு நேரும் இழப்புக்கு ஈடு வழங்க வேண்டும். பயிற்சி நாளில் சிவப்புக் கொடி பறந்தால் ஆடு மாடு மேய்ப்போரும் விறகு பொறுக்குவோரும் அப்பகுதிக்குள் செல்லக் கூடாது. தளத்தின் அருகே கிடைக்கும் உலோகப் பொருள்களைத் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் திருப்போரூர் அருகே மானாம்பதியில் இளைஞர்கள் கையாண்ட மர்மப் பொருள் வெடித்து உயிரிழப்பு நேர்ந்ததை இம்மாவட்டத்தார் அறிவர்.

ராபின்ஸ் தாள்திரைகளை நிறுத்திப் பார்த்தது, குண்டு எந்த வழியாகப் போகிறது என்பதை ஊகிக்காமல் கண்டறிவதற்காக. குடியிருப்புகள் நெருங்கிவரும் இன்றைய தளங்களிலும் மண்மேட்டின் உயரம், அதற்கு அப்பால் உள்ள நிலம், புதிதாக எழுந்த வீடுகள் ஆகியவற்றை அவ்வப்போது புதிதாக அளந்து பார்க்க வேண்டியுள்ளது. நார்த்தாமலைச் சிறுவன் இருந்தது சுடும் தளத்தில் அல்ல, வீட்டில்.